கொசு போலக் கேட்ட பாட்டு

தங்கவயலில் மைசூர் மைன்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. ஆனாலும் பல குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன.

அங்கே ஒரு வீட்டில் ஒரு பெரியவர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தன் பழைய ரெக்கார்டு பிளேயரைப் புதிய ஆம்பிளிஃபயருடன் இணைத்தார். பாட்டு கொசு ரீங்காரம் போலக் கேட்டது.

"இது கெட்டுப்போச்சு. பழைய இரும்புக் கடையிலே போட்டுடலாம்" என்றார்.

"கொஞ்சம் பொறு தாத்தா" என்றாள் பேத்தி. ரேடியோ மெக்கானிக்கை அழைத்து வந்தாள்.

"பெட்டி கெடலைங்க ஐயா. நடுவிலே ஒரு ஆள் இல்லை" என்றார் அவர்.

யார் அந்த ஆள்? அதுதான் பிரீ-ஆம்பிளிஃபயர். தமிழில் முன்பெருக்கி.

இசைத்தட்டின் பள்ளத்தில் முள் ஓடுகிறது, அதிர்கிறது. காந்தமும் கம்பிச்சுருளும் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகின்றன. அது சுமார் 5 மில்லிவோல்ட்தான். டார்ச் லைட் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட். அதில் 300-இல் ஒரு பங்கு!

முன்பெருக்கி இதைச் சுமார் 100 மடங்கு பெருக்கும். பிறகு ஆம்பிளிஃபயர் ஸ்பீக்கரை இயக்கும் சக்தியைத் தரும்.

தண்டோராவை நினைத்துப் பாருங்கள். சேதியை முதலில் கேட்பவர் தவறாகக் கேட்டால் ஊரெல்லாம் தவறு பரவும். அதுபோல, முன்பெருக்கியில் இரைச்சல் சேர்ந்தால் ஸ்பீக்கரில் அது பெரிதாகக் கேட்கும்.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இசைத்தட்டில் பதியும்போது கனத்த ஓசையைக் குறைப்பார்கள். கீச்சு ஓசையைக் கூட்டுவார்கள். முன்பெருக்கி இதைச் சரிசெய்யும்.

சி.டி. பிளேயருக்கு இது வேண்டாம். அதன் மின்சாரம் ஏற்கெனவே வலுவானது.

மெக்கானிக் சுவிட்சை அணைத்தார். ஒரு சிறிய முன்பெருக்கியை நடுவில் இணைத்தார். மீண்டும் சுவிட்சைப் போட்டார். பாட்டு கணீரென்று கேட்டது. பெரியவரின் மனைவிக்குப் பிடித்த பாட்டு அது. அவர் இப்போது இல்லை. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதைப் போய் எடைக்குப் போட இருந்தேனே!" என்றார்.

நினைவில் கொள்ளுங்கள்

ஆம்பிளிஃபயரின் பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'போனோ' என்று ஆங்கிலத்தில் இருந்தால், முன்பெருக்கி உள்ளேயே இருக்கிறது. சில ரெக்கார்டு பிளேயர்களிலும் அது உள்ளேயே இருக்கும். கேட்டு வாங்குங்கள். ஒயரை மாற்றும் முன் சுவிட்சை அணையுங்கள்.

விடை கூறுங்கள்

1. பாட்டு ஏன் கொசு போலக் கேட்டது?
2. முன்பெருக்கியின் இரண்டு வேலைகள் எவை?
3. உங்கள் வீட்டில் ஒரு பொருளை விற்கும் முன் யாரைக் கேட்பீர்கள்?