காலையில் ஏறி இரவில் இறங்கும் கார்ட்டிசோல்



ஜெஞ்சாரோமில் இரவு 1 மணி. எஸ்.பி.எம். பயிற்சித் தாளோடு ஒரு மாணவர் இன்னும் விழித்திருக்கிறார். உடம்பு சோர்ந்துபோச்சு, ஆனா தூக்கம் வரல. காலையில் எழுப்பினால் எழ முடியவில்லை. "சோம்பேறி" என்று வீட்டில் திட்டு. இது சோம்பலா?

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போட்டதுபோல் அட்ரினல் சுரப்பிகள் உள்ளன. பயமோ அவசரமோ வந்தால், சுரப்பியின் உட்பகுதி நொடிகளில் அட்ரினலினை விடும், நெஞ்சு படபடக்கும். சற்று நேரத்தில், மூளையின் கட்டளைப்படி வெளிப்பகுதி கார்ட்டிசோலைச் சுரக்கும். அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றித் தெம்பு கொடுக்கும்.

ஆகவே கார்ட்டிசோல் கெட்டதல்ல. அதற்கென ஒரு நாள் கணக்கு உண்டு. விடியுமுன்பே ஏறத் தொடங்கி, எழுந்த 30 முதல் 45 நிமிடத்தில் உச்சம் தொடும். பிறகு இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறையும். ஓயாத மன அழுத்தமும் இரவு விழிப்பும் இந்தக் கணக்கைக் குலைக்கும். இரவில் இறங்க வேண்டியது இறங்காமல் போகலாம். காலையில் ஏற வேண்டியது சரியாக ஏறாமல் போகலாம்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையின் கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. சிலாங்கூரில் சூரியன் உச்சிக்கு வரவே 1 மணி தாண்டிவிடும். பள்ளிக்குக் கிளம்பும்போது இருட்டு. இரவிலோ கைப்பேசி வெளிச்சம். இப்படியிருந்தால் கடிகாரம் எப்படிச் சரியாக ஓடும்?

"அட்ரினல் களைத்துவிட்டது" என்று சொல்லி விற்கும் மாத்திரைகளை வாங்காதீர்கள். மருத்துவம் ஏற்ற நோய் அல்ல அது. 1936இல் விஞ்ஞானி ஹான்ஸ் செலி எலிகளை வருத்திச் சோதித்தபோது, அவற்றின் அட்ரினல் பெருத்தே காணப்பட்டது. ஆனால் எடை குறைந்து, தோல் கறுத்து, அடிக்கடி மயக்கம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அது அடிசன் நோயாக இருக்கலாம்.

இந்த வாரப் பயிற்சி:

1. விடுமுறையிலும் ஒரே நேரத்தில் எழுங்கள்.
2. பள்ளி ஓய்வு வேளையில் 10 நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள்.
3. இரவு 10 மணிக்குக் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.
4. படுக்குமுன் 5 நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள்.

தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் 7 நாள் குறித்து வாருங்கள். அடுத்த வகுப்பில் பேசுவோம். அதுவரை, தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேளுங்கள்.