மடிநோயும் கறக்குங் கையும்

மலைத்தோட்டத் தொழிலாளியின் இல்லத்திலே கறவைப் பசு ஒன்று நிற்பின், அதுவே அவர்தம் சேமிப்பு. கொஸ்லந்தப் பகுதியிலே நாம் சிறுவராயிருந்த காலத்தில், அயல் லயத்துப் பசுவின் மடி ஒரு நாட் காலை கல்லாய் இறுகிற்று. பால் திரிதிரியாய் வந்தது. கண் பட்டதென்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலிட்டனர். மிளகாய் வெடித்தது, மடி இளகவில்லை. அக்காம்பு என்றைக்குமாய் வற்றிப்போயிற்று.

அக்கண்ணேற்றின் உருவம் யாது? செம்மறிப் பாலிற் பாற்கட்டி செய்யும் பிரான்சு நாட்டிலே, எட்மண்ட் நோக்கார் என்னும் விலங்கு மருத்துவ அறிஞர், கறவைச் செம்மறிகளின் மடி அழுகுவதற்கு உருண்டை வடிவான நுண்கிருமியொன்றே காரணமென 1887ஆம் ஆண்டில் எழுதினார். திராட்சைக் குலைபோற் கூடிவாழும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்பதே, செம்மறியின் மடியை நீலம்பாரித்துக் குளிரச் செய்யும் கிருமிகளுள் முதன்மையானது என இன்று அறிகின்றோம். நம் தோட்டங்களிலே பாலுக்கெனச் செம்மறி வளர்ப்பது வழக்கமன்று. பசுவும் வெள்ளாடுமே உள. எனினும் இக்கிருமி அவற்றையும் விடுவதில்லை. ஆட்டுக்குக் காம்பு இரண்டே. ஒன்று கெடின் பாதிப் பால் போயிற்று.

கிருமி வந்து சேரும் வழிகள் மூன்று. முதலாவது, கறப்பவர் கை. ஸ்டஃபிலோகொக்கசும், பசுவுக்குரிய ஸ்ட்ரெப்டோகொக்கஸ் அகலாக்டியேயும் மடிவிட்டு மடி செல்வது இவ்வழியே. இரண்டாவது, குட்டியின் வாய். செம்மறிக்குட்டியின் தொண்டையில் உறையும் மான்ஹைமியா, அது பாலூட்டும்போது தாயைப் பற்றும். மூன்றாவது, சாணமுஞ் சேறுமான தரை. எஸ்செரிச்சியா கோலை அங்கிருந்து வரும்.

புலப்படும் நோயினும் புலப்படா நோயே மிகுதி. மடி நலமாய்த் தோன்றும். பால் மட்டும் குறையும். 1957இல் அமெரிக்காவிலே வெளியிடப்பட்ட சோதனையொன்றில், சவர்க்காரத் தன்மையுள்ள கரைசலைச் சேர்த்தவுடன் நோயுற்ற பால் கூழாய்த் தடிக்கும். கிருமியோடு பொருதற்கு வந்த வெண்குருதியணுக்கள் அப்பாலில் மிகுந்திருத்தலே காரணம். காய்ச்சினால் தீங்கு நீங்குமென எண்ணற்க. கிருமி மடியும், ஆனால் ஸ்டஃபிலோகொக்கஸ் முன்னரே உமிழ்ந்த நஞ்சு கொதிநீரிலும் அழியாது.

செய்யத்தக்கவை எளியன. கையையும் மடியையும் கழுவித் துடைத்தபின் கறக்க. முதற் பீரைக் கரிய துணியிற் பீய்ச்சித் திரியுளதோ எனப் பார்க்க. நோயுற்றதை இறுதியிற் கறக்க. கறந்தபின் காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாகும். அதுவரை படுத்துவிடாதவாறு புல்லிடுக. ஊசி போட்டால், மருத்துவர் குறித்த நாள்வரை அப்பாலை விற்றலும் பிள்ளைக்கு ஊட்டலும் ஆகா.

பழைய மாணவர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தாயார் உப்பு மிளகாய் சுற்றினால் தடுக்கவேண்டா. தொழுவத்து வாயிலிலே ஒரு வாளி நீரும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் வைத்து, கறக்குமுன் கைகழுவச் சொல்லுங்கள். படித்த பிள்ளையின் சொல்லை அவர் தட்டமாட்டார்.