சிப்காட் பலகைக்குள் ஒளிந்திருக்கும் சொற்கள்

கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொல் தேடுவதில் மூன்று வகை உண்டு. எல்லா எழுத்துகளையும் மாற்றியடுக்கி வேறொரு சொல் அமைப்பது ஒன்று. சிலவற்றை மட்டும் எடுத்துச் சிறிய சொற்கள் அமைப்பது இன்னொன்று. அந்த எழுத்துகள் அத்தனையும் உள்ளே இருக்கும் நீண்ட சொல்லைப் பிடிப்பது மூன்றாவது. மூன்றையும் பழகுவதற்குக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தனிப் புத்தகம் தேவையில்லை. வழிநெடுக இருக்கும் பெயர்ப்பலகைகளே போதும்.

தமிழ்நாடு அரசு 1971-இல் தொடங்கிய தொழில் வளாக நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் சிப்காட். எஸ், ஐ, பி, சி, ஓ, டி என்று ஆறு எழுத்துகள். இவற்றை 720 விதமாக அடுக்கலாம். ஓர் அடுக்குக்கு ஐந்து விநாடி என்று வைத்தால்கூட முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவிலும் அன்றாட ஆங்கிலத்தில் புழங்கும் சொற்கள் இரண்டுதான்: டாபிக்ஸ், ஆப்டிக்ஸ். தலைப்புகளும் ஒளியியலும். புடவை ஓரத்துக்குத் தையல்கடையில் அடிக்கும் பிக்கோவின் மூலச்சொல்லைப் பன்மையாக எழுதினால் மூன்றாவதும் கிடைக்கிறது.

அந்தப் பிக்கோவை யாரும் எளிதில் கண்டுபிடிப்பதில்லை. சொல்லின் கடைசியில் டி இருந்தும் அது ஒலிப்பதில்லை. காதால் தேடுகிறவருக்கு அது அகப்படாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் தடையே இதுதான். தமிழில் எழுதியதை எழுதியபடி வாசிக்கிறோம், அதனால் ஆங்கில எழுத்துகளைக் கண்டதும் மனம் ஒலியாக்கிப் பார்க்கிறது. சிப்காட் என்று ஒருமுறை வாசித்துவிட்டால் அந்த ‘சிப்’ பிரிய மறுக்கிறது. போதாததற்கு, தமிழில் சொன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் ‘டி’ ஆகின்றன, இரண்டு ‘பி’ ஆகின்றன. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. சிட்கோவைக் கலைத்து அடுக்கினால் டிஸ்கோ வரும். சிப்காட்டிலிருந்து டிஸ்கோ வராது. முன்னதில் இருப்பது டெல்லியின் டி, பின்னதில் இருப்பது தமிழ்நாட்டின் டி. தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ‘டி ஃபார் டெல்லி’ என்கிறோமே, அந்தப் பழக்கத்தை இங்கேயும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒலியின் பிடியிலிருந்து விடுபடக் கையை வேலைக்கு இழுக்க வேண்டும். பழைய தினசரிக் காலண்டர் அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒன்றுக்கு ஓர் எழுத்து எழுதி, வட்டமாக வைத்தால் முதலும் முடிவும் மறைந்துவிடும். குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் இதையே தாளின் ஓரத்தில் செய்கிறார்கள். அடுத்தபடியாக, ஆங்கிலச் சொற்கள் வழக்கமாக முடியும் வால்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். எஸ் கிடைத்தால் அதைக் கடைசியில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது முதல் வேலை. அதன் முன் ஐ, சி இரண்டையும் சேர்த்தால் கையில் மிஞ்சுவது மூன்றே எழுத்து. மூன்றுக்கு ஆறே அடுக்குகள். டாபிக்ஸும் ஆப்டிக்ஸும் அங்கேயே தெரிந்துவிடும். 720 எங்கே, ஆறு எங்கே!

சிறு சொற்களில்தான் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். சிப்காட்டின் பி, ஓ, எஸ், டி நான்கை மட்டும் எடுத்தாலே போஸ்ட், ஸ்டாப், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ் என்று ஆறு சொற்கள் வரிசை கட்டும்.

ஊர்ப்பெயர்கள் வேறு பாடம் சொல்கின்றன. கும்மிடிப்பூண்டிக்கு ஆங்கிலத்தில் 13 எழுத்துகள். நீளத்தைப் பார்த்தால் சொற்கள் கொட்டும் என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் இ அதில் இல்லை. ஏ, ஆர், எஸ், தமிழ்நாட்டு டி ஆகியவையும் இல்லை. கைகொடுப்பது ஐ, என், ஜி என்ற வால். அதனால் புட்டிங், டம்பிங் இரண்டும் கிடைக்கும். இரட்டை ஓ இருப்பதால் இண்டிகோ, டோமினோ, போடியம், இம்பவுண்ட் கிடைக்கும். அந்த இரட்டை ஓவுக்குப் பதிலாக யூ போட்டு எழுதும் வழக்கமும் உண்டு. அப்படி எழுதினால் இந்த நான்கும் போய், புட்டிங்கும் டம்பிங்கும் மட்டும் தங்கும். திருவள்ளூரில் பத்து எழுத்துகளே இருந்தாலும் விர்ச்சுவல், ரிச்சுவல், ரூரல், வில்லா என்று தாராளமாக வருகின்றன. தொடக்கத்தில் எச் சேர்த்து எழுதுகிறவர்களுக்குத் த்ரில் கூடுதல்.

மூன்றாவது வகைதான் கடினம். சிப்காட்டின் ஆறெழுத்தும் உள்ளே இருக்க வேண்டும். வேறு எழுத்துகளும் சேரலாம். தொழிற்பேட்டையில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு சொற்கள் இதில் ஏமாற்றும். பிளாஸ்டிக்கில் ஓ கிடையாது. லாஜிஸ்டிக்ஸில் பி கிடையாது. இருக்கிறது என்று மனம் சொல்வதை நம்பாமல், பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்துச் சரிபார்க்க வேண்டும். தேடும்போது ஓர் எழுத்தைச் சேர்த்துப் பார்ப்பது எளிய தொடக்கம்: ஆர் சேர்ந்தால் டிராபிக்ஸ், ஒய் சேர்ந்தால் காப்பியிஸ்ட். பிறகு ‘ஷன்’ என்று ஒலிக்கும் வால், ‘டர்’ என்று ஒலிக்கும் வால் என்று ஒட்டிப் பார்த்தால், ஆலைகளில் நாள்தோறும் கேட்கும் இன்ஸ்பெக்‌ஷன், இன்ஸ்பெக்டர் இரண்டிலும் சிப்காட் முழுதாக உட்கார்ந்திருப்பது தெரியும். பாலிடிக்ஸிலும் இருக்கிறது.

கண்டெடுத்ததைக் குறித்துவைக்கவும் முறை உண்டு. சொல்லின் எழுத்துகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, அதையே தலைப்பாக எழுதுவது. சிப்காட், டாபிக்ஸ், ஆப்டிக்ஸ் மூன்றும் சி, ஐ, ஓ, பி, எஸ், டி என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்து சேரும். ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள் இப்படி அடுக்கித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். கணினி நிரல்களும் அகராதி முழுவதையும் இவ்விதமே அடுக்கி வைத்துக்கொண்டு, எழுத்துகளைக் கொடுத்த கணத்தில் விடையை எடுத்துத் தருகின்றன.