கொடைக்கானல் ஏரிக்கு எப்போது செல்லலாம்?

மாணவர்களே, மே மாத வெயில் ஏறியதும் திருவனந்தபுரத்தில் நம் வீடுகளில் பெட்டிகள் கட்டப்படுகின்றன. சொந்த ஊர் சென்று தாத்தா, பாட்டியைக் கண்டபின் கொடைக்கானல் ஏரியையும் காணவேண்டும் என்பது பலரது விருப்பம். ஏரியைக் காண மே மாதந்தான் ஏற்றதா?

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனக் கற்றீர்கள். தொல்காப்பியம் அதற்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. வேனில் அதில் இல்லை! வெயிலுக்கு அஞ்சி மலையேறும் வழக்கம் கொடைக்கானலில் 1845-இல் வீடு கட்டிய அமெரிக்கப் பாதிரிமாருடன் வந்தது.

பழனி மலைமேல், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பி 1863-இல் ஏரியை உருவாக்கியவர் மதுரை ஆட்சியராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச். வண்டிச்சாலை இல்லாத அக்காலத்தில் அவர் தூத்துக்குடியிலிருந்து படகு கொணர்ந்தார் என்பர். கடற்கரைப் படகு மலையேறிய காட்சியை எண்ணிப் பாருங்கள். ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடக்கவேண்டும்.

ஏரியிலிருந்து வழியும் நீரே, மலைப்பாதையில் நாம் காணும் வெள்ளி அருவி. கோடையில் அது மெலிந்திருக்கும். நம் நகரில் இடவப்பாதி மழை பெரிது. கொடைக்கானலுக்கோ அக்டோபர், நவம்பர் மழையே பெரிது. இங்கே துலாவர்ஷம் என்று நீங்கள் கேட்பது தமிழில் ஐப்பசி மழை. அப்போது மலைப்பாதையில் மண்சரிவு நேரலாம். மழை ஓய்ந்த மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும். சில விடியல்களில் புல்மேல் உறைபனி படியும். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கூட்டம் உண்டு. எனினும் நான் அதையே தேர்வேன். கம்பளியாடையை மறவாதீர்.

பிரையண்ட் பூங்காவின் மலர்க்கண்காட்சி மே மாதத்தில் நடைபெறுவதால், அப்போது செல்வோரைக் குறைகூற இயலாது. ஆனால் ஊர்திகள் மலைப்பாதையில் நெடுநேரம் நின்றுவிடுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் வேண்டும். பெரியோர் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். கரையில் நாம் எறியும் நெகிழிப்பை ஏரியோடு நிற்பதில்லை. அருவி வழியே கீழே இறங்குகிறது.

ஓண விடுமுறைக்கும் ஒரு காரணம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த முறை 2030. ஆவணி, புரட்டாசியில் மலைச்சரிவு நீலமாகும். அவ்வாண்டு நீங்கள் எந்த வகுப்பில் இருப்பீர்கள் என எண்ணிப் பாருங்கள்.

தொடர்வண்டியில் செல்வோர் மதுரையைக் கடந்து கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் மலையேறலாம்.

பயிற்சி: கோடை, ஓணம், கிறிஸ்துமஸ் ஆகிய மூன்று விடுமுறைகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஏரிக்கு உடன் வருமாறு உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ எட்டு வரிகளில் கடிதம் எழுதுக. அக்காலத்தைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணம் கூறுக.