மணலில் நிற்கும் வேலி
(வளர்ப்பு நாய் வெளியேறாமற் காத்தல் பற்றிய ஒரு பாடம்)

வேலி என்பது வெளியில் உள்ளதை உள்ளே விடாமல் தடுப்பதற்கே என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஆடு பயிரில் இறங்காதிருக்கவும், அயலார் தோட்டத்தில் நுழையாதிருக்கவும் வேலி அடைக்கிறோம். உள்ளே இருப்பதை வெளியே விடாமற் காப்பதும் வேலியின் கடமையே. வீட்டு நாய் ஒருநாள் வெளியேறி அடுத்தவர் ஆட்டைக் கடித்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது. சங்கங்களைப் பார்வையிட நாம் செல்லும் ஊர்களில், நாயினால் மூண்ட பகை சங்கக் கூட்டம் வரையில் வந்து நிற்பதைக் காண்கிறோம். பங்குத் தொகையிலும் கடன் தவணையிலும் ஒத்துப்போகும் இருவர், ஒரு நாயின் பொருட்டு ஒரே பாயில் அமர மறுக்கிறார்கள். ஆதலின் இம்மாதப் பாடமாக இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

இதற்குத் தனுஷ்கோடியை மாதிரி நிலமாகக் கொள்வோம். களிமண்ணிலும் செம்மண்ணிலும் நாய் தோண்டுவதற்குச் சிறிது பாடுபட வேண்டும். மணலில் அப்பாடு இல்லை. மணலில் நிற்கும் வேலியை அடைக்கத் தெரிந்தவர், எந்த நிலத்திலும் வேலி அடைக்கலாம்.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில், ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த மணல் நாக்கே தனுஷ்கோடி. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவோர் இவ்வூர் வழியாகவே சென்றனர். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு எழுந்த புயலும் கடற்பெருக்கும் ஊரையும், ஊரை நோக்கி வந்த ரயிலையும் கொண்டுசென்றன. பின்பு இவ்விடம் குடியிருப்பதற்குத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. ஆயினும் கடலையே நம்பிய மீனவக் குடும்பங்கள் சில இன்றும் அங்கே குடிசை கட்டி வாழ்கின்றன. 2017 ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரையில் சாலை திறக்கப்பட்டது முதல் யாத்திரிகர் வண்டிகளும் இடைவிடாது வருகின்றன.

வெளியேறும் நாயினால் நேரும் இழப்புகள்

முதலாவது இழப்பு நாய்க்கே. சாலைக்கு ஓடும் நாய் வண்டியில் அடிபடும். அதனைக் காக்கத் திருப்பும் வண்டி மணலிற் சரிந்து மனிதருக்கும் தீங்கு நேரலாம்.

இரண்டாவது, அயலார் உழைப்புக்கு. ஆட்டுக்குட்டிக்கு நேரும் கேடு யாவரும் அறிந்ததே. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் நெசவாளர் விடியற்காலையில் தெருவிற் பாவு நீட்டிக் கஞ்சி போடும்பொழுது, ஒரு நாய் குறுக்கே பாய்ந்தால் எத்தனை இழைகள் அறும் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயைக் களத்திற் காயவைப்போரும், நாய் புரண்ட மிளகாயை விலை சொல்லி விற்க இயலாது.

மூன்றாவது, கடற்கரைக்கு. பங்குனி ஆமை என்று வழங்கும் சிறிய கடலாமை, தை மாதம் முதல் சித்திரை வரையில் இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுச் செல்கிறது. அவை பொரிக்க 45 முதல் 60 நாட்கள் ஆகும். மோப்பம் பிடித்த நாய்க்கு அக்குழியைக் கிளறச் சில நிமிடங்களே போதும். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர் இது. வனத்துறையினர் தனுஷ்கோடிக் கரையில் முட்டைகளைச் சேகரித்து, வேலியடைத்த பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். அவர்கள் நாயை உள்ளே விடாதிருக்க வேலியிடுகிறார்கள். நாம் நாயை வெளியே விடாதிருக்க வேலியிடுகிறோம். இரண்டும் செவ்வையாக நடந்தால்தான் முட்டை பிழைக்கும்.

நான்காவது, மனித உயிருக்கு. தடுப்பூசி இல்லாத நாய் வெறிநாயொன்றிடம் கடிபட்டுத் திரும்பினால், அந்நோய் வீட்டுக் குழந்தையை வந்தடையும். நோயின் அறிகுறி தோன்றிய பின்னர் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. கடிபட்ட உடனே காயத்தை ஓடும் நீரிற் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் குறித்த நாட்களில் ஊசி முழுவதையும் தவறாமற் போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் காயத்தில் வைப்பது கேடு.

முதலில் காரணம், பிறகே வேலி

நாய் வெளியேறுவது பெரும்பாலும் வீட்டை வெறுத்தன்று. அதற்கு ஒரு காரணம் இருக்கும். அக்காரணத்தை ஆராயாது வேலியை மட்டும் உயர்த்துவது, கசியும் பானையில் மேலும் மேலும் நீர் ஊற்றுவது போலாகும்.

ஆண் நாயாயின், பருவமடைந்த பெண் நாயின் வாடை அதனை இழுக்கிறது. பெண் நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அந்நாட்களில் பெண் நாய் வெளியே ஓடவும், ஆண் நாய்கள் உள்ளே புகவும் முயலும். கருத்தடை அறுவை செய்தால் இவ்வகை அலைச்சல் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. நூறடி வேலியைவிட இவ்வொரு சிகிச்சை பயன் தருவதும் உண்டு.

மற்றொரு காரணம் உணவு. மீன் இறங்குமிடத்திற் கழிவு குவிந்து கிடந்தால், வேளை தவறி உண்ணும் நாய் அங்கே ஓடாதிருக்குமா? கழிவை மணலில் ஆழப் புதைத்தலும், நாய்க்குக் குறித்த வேளையில் உணவிடுதலும் இதற்கு மருந்தாகும்.

வேலையின்மையும் ஒரு காரணமே. இராமநாதபுரத்தின் பெயராலேயே வழங்கும் மண்டை நாயும், சிப்பிப்பாறையும், இராஜபாளையமும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள். அவற்றை நாள் முழுதும் முற்றத்தில் அடைத்துவைத்தால் சும்மா இரா. காலையிலும் மாலையிலும் கயிற்றிற் பிடித்து உலாத்திவருதல் அவசியம். தீபாவளி வெடியும் இடியும் கேட்டு மிரண்டு ஓடும் நாயை, அவ்வேளையில் வீட்டுக்குள்ளே வைத்திருத்தலே போதும்.

மணலே சாட்சி

காரணம் அறிந்தபின் வழியை அறிய வேண்டும். கணக்கில் தொகை குறைந்தால், எப்பக்கத்தில் குறைந்தது என்று பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும். மாலையில் வேலியின் உட்புறத்தைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மணலைத் துடைப்பத்தாற் சமன்செய்துவிடுங்கள். காலையில் கால்தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். மூன்று நாள் பார்த்தால், அது செல்லும் வழி பெரும்பாலும் ஒன்றே என்பது புலப்படும். வழிகள் நான்கு வகைப்படும்.

1. அடிவழி. மணல் நிலத்தில் இதுவே முதன்மையானது. நாய் வேலியின் அடியை ஒட்டியே தோண்டும். இரண்டடி பின்வாங்கித் தோண்டினால் வெளியேறலாம் என்ற எண்ணம் அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. இந்த இயல்பே நமக்குத் துணை. ஆழக் குழி வெட்டிக் கம்பிவலையைச் செங்குத்தாகப் புதைப்பது மணலிற் கடினம். வெட்டிய பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அதற்கு மாறாக, இரண்டடி அகல வலையை வேலியின் அடியிற் சேர்த்துக் கட்டி, உட்புறமாகத் தரைமேற் படுக்கையாக விரித்து, அரை அடி மணலால் மூடிவிட வேண்டும். தோண்டும் நாயின் நகம் வலையில் முட்டும். சில நாளில் முயற்சியைக் கைவிடும். வெட்டிய கம்பி முனைகள் கீழ்நோக்கி வளைந்திருத்தல் வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள முற்றத்தின் சுற்றளவு 140 அடி. வாயிலுக்கு 4 அடி கழித்தால் 136 அடி. இரண்டடி அகலத்துக்கு 272 சதுர அடி வலை வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். ஆதலால் துத்தநாகம் பூசிய வலையையும் ஆண்டுக்கொருமுறை கிளறிப் பார்த்தல் நன்று. வலை வாங்க இயலாதவர் தட்டைக் கற்களையோ, முற்றிய பனையைப் பிளந்த சட்டங்களையோ வேலியின் அடியில் வரிசையாகப் பதிக்கலாம். கடலிலிருந்து பவளக் கற்களை எடுத்து வந்து பதித்தல் ஆகாது. அது சட்டப்படி குற்றம்.

2. மேல்வழி. வேலியை ஒட்டி வைத்த விறகுக் கட்டும், மீன் கூடையும், தண்ணீர்ப் பீப்பாயும் நாய்க்குப் படிக்கட்டாகின்றன. அவற்றை நாலடி தள்ளி வையுங்கள். தனுஷ்கோடியில் இன்னொரு படிக்கட்டையும் காற்றே கட்டித்தருகிறது. கச்சான் காற்றிலும் வாடைக் காற்றிலும் பறக்கும் மணல் வேலியோரம் மேடாகக் குவிகிறது. ஐந்தடி வேலி சில வாரத்தில் மூன்றடி வேலியாகிவிடும். காற்றுக் காலத்தில் வாரந்தோறும் மணலை வாரி அகற்றாதவர் எவ்வளவு உயர வேலி அடைத்தும் பயனில்லை. உயரம் தாண்டும் நாய்க்கு, வேலியின் தலைப்பில் ஓரடி வலையை உட்புறமாகச் சாய்த்துக் கட்டுவது நல்ல தடை.

3. இடைவழி. பனைமட்டை வேலியில் அடிப்பாகம் ஈரத்தால் இற்றும் கறையானால் அரித்தும் இடைவெளி காணும். நாய் தலையை நுழைக்கும் இடம் உடலும் நுழையும் இடமாகும். மாதம் ஒருமுறை மட்டையை அசைத்துப் பார்த்து, இற்றதை மாற்றுங்கள். உட்புறம் நோக்கும் கருக்கைச் சீவிவிடுதல் நலம். பழைய மீன் வலையைத் தொய்வாகக் கட்டாதீர்கள். நாயின் கழுத்தும் காலும் அதிற் சிக்கும். வெளியே நடமாடுவோரைக் கண்டு பாயும் நாயாயின், வேலியின் கீழ்ப்பாதியில் ஓலைக் கீற்றுக் கட்டிக் காட்சியை மறைத்தால் அதன் ஆத்திரம் தணியும்.

4. வாயில்வழி. மற்ற மூன்றையும் அடைத்தவர் பலர் இங்கே தோற்கிறார்கள். படலைச் சாத்திவிட்டுக் கொக்கி போடாமற் செல்வதே குறை. தானே வந்து சாத்திக்கொள்ளும்படி படலைச் சற்றே சாய்த்து நிறுத்துங்கள். கொக்கியை வெளிப்புறம் வையுங்கள். வாயிலடியிற் கல் பதியுங்கள். இடம் உள்ளவர் மூன்றடி உள்ளே தள்ளி இரண்டாவது படல் ஒன்று வைத்தால், ஒன்று திறக்கும்போது மற்றொன்று காக்கும்.

செய்யத் தகாதவை

வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவது கொலைக்கு ஒப்பாகும். நாய்க்கு வைத்த கம்பி குழந்தையைக் கொல்லும். வேலிக்கு அருகில் நாயைக் கயிற்றில் கட்டுவதும் ஆபத்து. அது வேலியைத் தாண்ட முயன்று மறுபுறம் தொங்கி உயிர்விடக்கூடும். நாளெல்லாம் குறுஞ்சங்கிலியில் கட்டிவைத்தால் நாய் கடுங்குணம் கொள்ளும். 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாயை உலாத்தாதிருப்பதையும் குற்றம் என்கிறது. மறுபுறம், தன் பிராணியால் மனித உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேராதபடி காக்கத் தவறுவோரைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஓடித் திரும்பிவந்த நாயை அடிப்பதும் தகாது. ஓடியதற்காக அடிபட்டோம் என்று அஃது அறியாது. வீட்டுக்கு வந்ததற்காக அடிபட்டோம் என்றே கொள்ளும். மறுமுறை வரத் தயங்கும். வந்த நாய்க்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அது வெளியேறிய துளையை அன்றைக்கே அடையுங்கள். வென்ற வழியை நாய் மறப்பதில்லை.

சங்கம் செய்யக்கூடியது

கம்பிவலை கடையிற் சுருளாகவே கிடைக்கிறது. ஒரு வீட்டின் தேவைக்கு அது மிகுதியாகலாம். ஐந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் மிச்சம் வீணாகாது, விலையிலும் பேரம் உண்டு. துணைவிதி இடங்கொடுக்கும் சங்கங்களில், பொதுக்குழுவின் தீர்மானத்தின் பேரில் அத்தொகையைத் தவணையில் வசூலிக்கலாம். கால்நடை மருத்துவரை அழைத்து ஆண்டுக்கொருநாள் ஊர் நாய்களுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசி போடச் செய்யலாம். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதலூசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி. அதே நாளில் கருத்தடைக்கும் பெயர் பதியலாம். ஒவ்வொரு நாய்க்கும் கழுத்துப்பட்டையில் வீட்டாரின் அடையாளம் இருந்தால், காணாமற்போனது விரைவில் திரும்பும். வீண் சச்சரவும் எழாது.

ஒரு வீட்டு வேலி நன்றாக இருந்து பக்கத்து வீட்டு வேலி பழுதாயிருந்தால், ஊரில் நாய் அலைவது நிற்பதில்லை. நம் நாயை நாம் காப்பது அயலார் ஆட்டையும் பாவையும் குழந்தையையும் காப்பதாகும். கூட்டுறவு என்பது கடன் ஏட்டோடு முடிவதன்று.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் நாய்கள் எக்காரணத்தால் மிகுதியாக வெளியேறுகின்றன?
2. உங்கள் நிலம் மணலா, களியா, செம்மண்ணா? அதற்கேற்ப வேலியின் அடியை எவ்வாறு அமைப்பீர்கள்?
3. உங்கள் முற்றத்தின் சுற்றளவை அளந்து, இரண்டடி அகலத்துக்கு எத்தனை சதுர அடி வலை வேண்டும் என்று கணக்கிடுக.
4. தடுப்பூசி நாளொன்றைச் சங்கத்தின் பேரில் நடத்த யார் யார் பொறுப்பேற்பர்?