ஒரு பெயரும் மூன்று வழிகளும்

ருட்யார்டு கிப்ளிங் என்னும் ஆங்கில எழுத்தாளரின் பெயரில் முதற்சொல் ஓர் ஊரையும் அதன் ஏரியையும் குறிப்பது என்று வகுப்பில் கூறியபோது, “ஊர்ப்பெயரைப் பிள்ளைக்கு இடுவார்களா, ஐயா?” என்று ஒரு மாணவர் வினவினார். நாகூர் மீரான் என்ற பெயருடையார் பலர் வாழும் தெருவிலிருந்து வந்தவர் அவர்! ஊர்ப்பெயரைத் தேர்வுக்குரிய செய்தியாக மட்டும் கற்பித்துவிட்ட குறை நம்முடையதே. அக்குறை நீங்க, வரைபடத்தை விரித்து அவ்வூரைச் சுற்றி வருவோம்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரில், லீக் நகரையடுத்து உள்ளது ருட்யார்டு. ஏரியைச் சுற்றும் நடைவழி ஏறத்தாழ 5 மைல். தென்முனையில் உள்ள அணைக்கரையில் நின்றால் நீர்ப்பரப்பு இயற்கையானதாகவே தோன்றும். ஆயின் அது வெட்டுவித்த ஏரி. படகுக் கால்வாய் மேட்டு நிலத்தைக் கடக்குமிடத்தில் படகை ஏற்றி இறக்க அடைப்பு மதகுகள் உண்டு. ஒவ்வொரு படகு கடக்கும்போதும் மேட்டுநீர் கீழே இறங்கிவிடும். அவ்விழப்பை ஈடுசெய்யவே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ரென்னி என்னும் பொறியாளரின் திட்டப்படி இந்நீர்த்தேக்கம் எழுந்தது. சுண்ணாம்புக்கல் சுமந்து சென்ற கால்டன் கால்வாய்க்கு இதுவே தாய்மடி.

மேற்குக் கரையின் மரநிழலில் வடக்கே நடந்தால் ஏரியின் தலைப்பை அடைவோம். டேன் ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால் அங்கே நீர் கொணர்கிறது. டேன் ஆறு இயல்பாக மேற்குக் கடலுக்குச் செல்வது. ஏரியின் நீரோ கிழக்குக் கடலை நோக்கிய வடிநிலத்தைச் சார்ந்தது. ஒரு சிறு வாய்க்கால் இரு கடல்களின் பங்கை மாற்றிவிட்டது.

திரும்பும் வழி கிழக்குக் கரையில். 1849இல் திறக்கப்பெற்ற இரயில் பாதை அது. கால்வாயின் வணிகத்தைப் பறிக்க வந்த இரயில் நிறுவனமே கால்வாயையும் விலைக்கு வாங்கி, ஏரிக்கும் உரிமையாளரானது. உல்லாசப் பயணியரை வண்டி வண்டியாக இறக்கியது. கால்வாய்க்கெனச் சட்டம் அளித்த நீரில் படகுப் போட்டி நடத்தலாகாது என்று கரையோர நிலவுடைமையார் ஒருவர் 1850களில் வழக்காடி வென்றதும் உண்டு. எனினும் மக்கள் வருகை நிற்கவில்லை.

அவ்வாறு வந்தோரில் இருவர் ஜான் லாக்வுட் கிப்ளிங்கும் ஆலிஸ் மக்டொனால்டும். 1863இல் இவ்வேரிக்கரையில் நிகழ்ந்த ஓர் உலாவிருந்தில் சந்தித்தனர். 1865இல் மணந்து பம்பாய்க்குக் கப்பலேறினர். ஜாம்செட்ஜி ஜீஜீபாய் கலைப்பள்ளியில் கணவர் ஆசிரியரானார். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிறந்த மகனுக்கு ஏரியின் பெயரை இட்டனர். பேரரசைப் போற்றிய அம்மகனின் கருத்துகள் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் கடல் கடந்த பெற்றோர் தம் நினைவிலிருந்த நீர்நிலையைப் பிள்ளைக்குப் பெயராக்கிய அன்பு நமக்குப் புரியாததன்று.

1960இல் பயணியர் வண்டி நின்றது. 1964இல் சரக்கு வண்டியும் நின்று தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. இன்று அத்தடத்தில் நடப்போர் செல்கின்றனர். ஒரு பகுதியில் பத்தேகால் அங்குல அகலப் பாதையில் சிற்றிரயில் ஒன்று குழந்தைகளை ஏற்றி ஓடுகிறது. மீண்டும் அணைக்கரையை அடைகிறோம். மதகின் கீழே நீர், சிறு வாய்க்காலாக லீக்கை நோக்கி இன்றும் சென்றுகொண்டிருக்கிறது.