நாடிக்கு எட்டினால் போதுமா?

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். வருகிற குளிர்காலத்தில் புளூ மவுண்டனில் ஸ்னோபோர்ட் பழகுவதென்று நானும் 12 வயது மகளும் முடிவெடுத்திருக்கிறோம். என் உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, சப்பாத்து அளவு 11. நண்பர் ஒருவர் தன் 147 செ.மீ. பலகையை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். நிமிர்த்தி வைத்தால் என் நாடிக்கு எட்டுகிறது. அதுதான் சரியான அளவு என்கிறார். வாங்கலாமா? மகளின் எடை 36 கிலோ. அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக எடுத்துவிட்டால் இரண்டு மூன்று வருடம் பாவிக்கலாமா?

பதில்: நண்பரின் பலகை உங்களுக்கு வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

நாடிக் கணக்கு பழைய கணக்கு. உயரத்துக்கேற்ற எடை உள்ளவருக்கு அது ஓரளவு பொருந்திப்போகும், அவ்வளவுதான். பலகையை அழுத்தி வளைப்பது உங்கள் எடை. 147 பலகை உங்கள் எடைக்கு அளவுக்கு மீறி வளையும். பனியைக் கவ்விப் பிடிக்கும் உலோக விளிம்பின் நீளமும் அதில் குறைவு. ஒன்ராறியோ மலைகளில் பனி உருகி மறுபடி உறைந்து கெட்டியாகிவிடும். அந்தத் தரையில் விளிம்பு பிடிக்காவிட்டால், பழகுபவர் திரும்ப முயலும்போதெல்லாம் வழுக்கி விழுவார்.

ஒவ்வொரு பலகைக்கும் அது தாங்கும் எடை வரம்பைத் தயாரிப்பாளர் அட்டவணையில் கொடுத்திருப்பார். 82 கிலோவுக்கு ஏறக்குறைய 156 முதல் 162 வரை வரும். புதிதாகப் பழகுபவர் கீழ்ப்பக்கத்து அளவை எடுப்பது நல்லது. நீளம் குறைந்த பலகை இலகுவாகத் திரும்பும். 156 அல்லது 157 பாருங்கள்.

ஆனால் நீளத்தைவிட உங்களுக்குப் பெரிய விஷயம் அகலம். 11 அளவுச் சப்பாத்து சாதாரணப் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையைச் சாய்த்துத் திரும்பும்போது பெருவிரல் பக்கம் பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிடும். ஏன் விழுந்தோம் என்றே தெரியாது. நீளத்துக்குப் பக்கத்தில் 'டபிள்யூ' என்று போட்ட அகலப் பலகையைக் கேளுங்கள். அதன் இடை அகலம் 26 செ.மீ. அளவில் இருக்கும். கடையிலேயே சப்பாத்தைப் பலகைமேல் உள்ள பைண்டிங் என்ற பிடியில் மாட்டி மேலிருந்து பாருங்கள். முன்னாலும் பின்னாலும் ஒன்றிரண்டு செ.மீ. சமமாக வெளியே தெரிந்தால் சரி. அந்தளவு நீட்டம் தேவைதான். அது இருந்தால்தான் விளிம்பை அழுத்த முடியும்.

அதனால் முதலில் சப்பாத்து, பிறகுதான் பலகை. பணம் மட்டுப்பட்டதென்றால் நல்ல சப்பாத்தைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு பலகையை வாடகைக்கு எடுங்கள். ஒரேயொரு காலுறையோடு போட்டு இறுக்குங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும்; முழங்காலை மடித்தால் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் கொஞ்சமும் எழும்பக் கூடாது. கால் மணிநேரம் அப்படியே கடைக்குள் நடந்து பாருங்கள். நம்மவர்கள் 'கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்' என்று ஒரு அளவு கூட்டித்தான் எடுப்பார்கள். இந்த விளையாட்டுக்கு அது ஒத்துவராது. கால் உள்ளே அசைந்தால் நீங்கள் சொல்வது பலகைக்குப் போய்ச் சேராது.

பலகையின் விறைப்பை 1 முதல் 10 வரை குறிப்பார்கள். உங்களுக்கு 3, 4 போதும். இரு முனைகளும் சற்று மேலெழுந்த வடிவமாக இருந்தால் விளிம்பு திடீரென்று பனியில் சிக்குவது குறையும்.

இனி மகள். தயவுசெய்து பெரிதாக எடுக்காதீர்கள். 36 கிலோப் பிள்ளைக்கு 125, 130 தான் அளவு. நீளமான, விறைப்பான பலகையை அவளால் வளைக்க முடியாது. முதல் நாளிலேயே களைத்து, பயந்து, இனி வரமாட்டேன் என்பாள். அந்தப் பயத்தைப் போக்குவது பலகை வாங்குவதைவிடச் செலவானது. ரொறன்ரோப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் பிள்ளைகளுக்குப் பலகை, பைண்டிங், சப்பாத்து மூன்றையும் சேர்த்து முழுப் பருவத்துக்கும் வாடகைக்குத் தருகிறார்கள். அடுத்த வருடம் வளர்ந்த அளவுக்கு மாற்றி எடுக்கலாம். இலையுதிர் காலத்திலேயே போனால் தெரிவு செய்ய நிறைய இருக்கும்.

தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பும் இருவருக்கும் வாங்குங்கள். பழகுபவர்கள் விழும்போது கையை ஊன்றுவதால் அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான்.